படத்துல இருந்த செவப்பு

அண்ணே, அந்தக் கம்பியோட மேல ஏற விடமாட்டேன். இல்ல, தள்ளமாட்டேன். இந்தப் படி ஒரு ஆளு அகலம்தான். நான் உக்காந்தா அடைஞ்சுபோகும். தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன். வீல் ஸ்பேனர்தான அது? கார் டயர் நாலும் நல்லாத்தான நிக்குது, அப்பறம் அது எதுக்குக் கையில?

கத்தாதீக. நீங்க கத்துறதுக்கு முன்னாடியே தெரியும். மருதண்ணே தான? திருக்கோஷ்டியூர் ரோட்டுல புது வீடு. வெள்ளிக்கெழம பால் காச்சுறீக. மேல பத்திரிக்க இருக்கு. காலையில நீங்க போன்ல பேசுனீகளே, கைய ஒடிப்பேன், கம்ப்யூட்டர ஒடப்பேன்னு, அப்ப ஸ்பீக்கர்ல போட்டிருந்தான். பக்கத்துலதான் இருந்தேன். நா வேல்பாண்டி. மேல குருநாதன் கம்ப்யூட்டர்ல வீட்டுப் படம் போட்டுக் குடுக்கிறான்ல, அவனோட இருக்கேன். அதுக்கு முன்னாடி இருவது வருசம் பெயின்ட் மேஸ்திரி.

வண்டியில ரெண்டு பேரு இருக்காகளே, அவுகளை அங்குட்டே இருக்கச் சொல்லுங்க. எறங்குனா பேச்சு வேற மாதிரிப் போயிரும். மெரட்டலண்ணே. எனக்கும் அடிக்கத் தெரியும்னு சொல்றேன். என் கையப் பாருங்க, இந்த வெரல் மொளி ரெண்டும் உள்ள போயிருக்கா? இது பெயின்ட் அடிச்சு வந்ததில்ல.

சரி, சொல்லுங்க. என்ன ஆச்சு?

ம்.

ம்.

சம்மந்தியா சொன்னாரு? பத்துப் பேரு முன்னாடியா? என்ன சம்மந்தி, பெட்ரோல் பங்கு தொறக்கிறீகளான்னா? எல்லாரும் சிரிச்சாகளா. சம்மந்தியம்மாவுமா. அப்ப ஒங்க மக மூஞ்சிய நீங்க பாத்திருக்கக் கூடாது. அதப் பாத்துட்டுத்தான் நேரா டிக்கியத் தொறந்திருக்கீக.

இல்லண்ணே, கேலி பண்ணல. படத்தக் காட்டுங்க. இது படம். இது நேத்துச் சாயங்காலம் எடுத்த போட்டோ. ஆமா. படத்துல செங்கல் நெறம், அடக்கமா இருக்கு. செவத்துல தீயணைப்பு வண்டி நிக்கிற மாதிரி இருக்கு. தப்புத்தான். நா இல்லைங்கல. ரெண்டும் ஒரே கலர் நம்பர்தான், கடைக்காரன் மாத்திக் குடுக்கல, ஒங்க பெயின்டரும் ஒண்ணும் பண்ணல. அந்தாள மட்டும் எதுவும் செஞ்சுறாதீக. செஞ்சுட்டீகளா? ஒண்ணா, ரெண்டா? கன்னத்துலயா?

போச்சு.

சாயங்காலம் அந்தாள நேர்ல போயிப் பாருங்கண்ணே. அவன் மேல ஒரு குத்தமும் கெடையாது.

எப்பிடி மாறும்னா, கம்ப்யூட்டர்ல வீடு கட்டும்போது வெயிலையும் நம்மதான் வைக்கணும். எத்தன மணி வெயிலு, எந்தப் பக்கத்துலேருந்து, எல்லாம். ஒங்க போர்ட்டிகோவ நெழல்ல வச்சுப் படம் எடுத்திருக்கு. நெழல்ல எந்தச் செவப்பும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கும். ஒங்க வீடு மேக்கப் பாத்த வீடு. மத்தியானத்துக்கு மேல வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும். அப்ப அது கத்தத்தான் செய்யும். போதாததுக்கு நீங்க படத்தப் பாத்தது போன்ல. அந்தப் போன்ல கண்ணுக்கு எதமா இருக்கட்டும்னு மஞ்சளாக்கி வச்சிருக்கீக, பாருங்க, மேல சின்னதா ஒரு குறி எரியுது. இத வச்சுக்கிட்டு வெள்ளையவே வெள்ளைன்னு பாக்க முடியாது.

அது அவன் வேலதான், ஆமா. அவன்தான் பாத்திருக்கணும். படத்த மத்தியானத்துலயும் ஒரு தடவ வச்சுக் காட்டியிருக்கணும். செவத்துல ரெண்டடிக்கு ரெண்டடி சாம்பிள் அடிச்சு, காலையில ஒருக்கா, உச்சியில ஒருக்கா, லைட்டப் போட்டு ஒருக்கா பாருங்கன்னு சொல்லியிருக்கணும். நீங்க அவசரப்பட்டீக, விட்டுட்டான். சரி. அதுக்குக் கையி ஒடிக்கலாமா?

நாலு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒருத்தன் இந்தப் படியில ஏறுனான். கையில கம்பிகிம்பி இல்ல, வெறுங்கையி. அவனைய மறிக்க ஆளில்ல.

நாந்தாண்ணே. வேற யாரு.

உக்காருங்க, சொல்றேன். நின்னுக்கிட்டே கேக்குறதுன்னா கேளுங்க. ஆனா கேட்டுட்டுத்தான் போகணும்.

பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரரு மீனாட்சிசுந்தரம். மெட்ராஸ்ல இருக்காக. வெளிநாட்டுக்காரவுக வந்து தங்குற மாதிரி வீட்டத் தயார் பண்ணுனாக. படம் போட்டது குருநாதன், அப்ப அவன் கடை தொறந்து ஒரு வருசம் இருக்கும். பெயின்டு நான். ஹாலுக்குச் சந்தனக் கலரு. படத்துல பாத்தா கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு, வெயிலு எறங்கி, செவரு தங்கமாட்டம். அவுக அந்தப் படத்த வெப்சைட்டுலயே போட்டுட்டாக. ஆளுக புக் பண்ணியாச்சு.

எனக்கு நம்பர் வந்துச்சு. அந்த நம்பர வாங்குனேன், சீல் பிரிக்காத வாளி. பதினோரு ஆளு. ரெண்டு கோட்டு அடிச்சோம். காயக் காய நெறம் மாறுது. சந்தனம் இல்லண்ணே அது. மஞ்சக்காமாலக்காரன் மூஞ்சி. ஒரு பச்சை ஓடுது. தொடச்சுப் பாத்தேன், இன்னொரு கோட்டு அடிச்சேன், போக மாட்டேங்குது.

மறுநா வீட்டுக்காரரு வந்தாரு. குடும்பத்தோட. போன எடுத்துச் செவத்துல வச்சு வச்சுப் பாக்குறாரு. நா அய்யா, நம்பரு சரியாத்தான் இருக்குன்னேன். வாளிய ஒதச்சுக் கவுத்துட்டாரு. மேல கம்பெனி பேரு, உள்ள என்னத்தடா ஊத்துனங்கிறாரு. நா வாயத் தொறக்குறதுக்குள்ள அறைஞ்சாரு. சின்ன அறை இல்ல. காதுக்குள்ள கொய்ய்னுச்சு. சட்டையப் பிடிச்சு இழுத்து அந்தச் செவத்துலயே மூஞ்சிய வச்சுத் தேய்ச்சாரு. பாரு, இதா சந்தனம், இதா சந்தனம்னு. காலையிலதான் மறுபடி ஒரு கோட்டு அடிச்ச ஈரச் செவரு. வாயில பெயின்டு போயிருச்சு.

எம் மச்சினன் ஏணியில நிக்கிறான். எறங்கல. பதினோரு பேரும் தரையப் பாக்குறாங்க. அவுக வீட்டு ஆச்சிதான் வந்து, விடுங்க, அவரும் பிள்ள குட்டிக்காரருன்னு கைய எடுத்துவிட்டாக. அது அத விடக் கேவலமா இருந்துச்சு எனக்கு.

திருப்பி அடிச்சேனான்னா? இல்ல. எதுக்குங்க பொய்யி. கையி எந்திரிக்கல. அதுக்கு முன்னாடி எத்தனையோ பேர அடிச்சிருக்கேன். எங்க ஊர்த் திருவிழால எம் பேரச் சொன்னாலே வெலகுவாங்க. அன்னைக்கு அந்தாளு முன்னாடி, அய்யா அய்யான்னு நின்னுட்டு வெளிய வந்தேன். வெளிய வந்தப்பறந்தான் கையி துடிக்குது. வண்டிய எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு வீட்டுக்காரரு ஞாபகம் வரல பாத்துக்கங்க. கம்ப்யூட்டர்க்காரன் ஞாபகந்தான் வருது. அவன்தான படம் போட்டான், அவன்தான நம்பர் குடுத்தான், அந்த ஒல்லிப் பயதான.

ஒல்லியா இருந்தான்ல. அதான் விசயம்.

ஒங்களுக்கும் அதான். சம்மந்தியத் தொட முடியாது, மக வாழப்போற எடம். பெயின்டரத் தொட்டீக, பத்தல. எங்குட்டோ வாங்குன அடிய இங்குட்டுக் கொண்டாந்து எறக்கப் பாக்குறீக. நா ஒண்ணும் வையல. அந்தச் சூடு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்னுதான் சொல்றேன்.

ஏறி வந்தேன். கதவத் தொறந்தா, வாங்க மேஸ்திரின்னு சிரிக்கிறான். காதுல பாட்டு மாட்டியிருந்தான். அதக் கழட்டுறதுக்குள்ள முதல் அடி. வாயில. ரெண்டாவது அடியில நாற்காலியோட சாஞ்சான். ஏன் மேஸ்திரின்னு மட்டும் கேட்டான். பதிலா மூணாவது. பல்லு ஒண்ணு எம் மொளியில குத்தி நின்னுச்சு, இந்தா இந்தத் தழும்பு. அப்பறம் முடியப் பிடிச்சுத் தூக்கி, மேசை விளிம்புல வச்சு மோதுனேன். எடது புருவத்துல. ஒருக்கா இல்ல. எத்தனன்னு எண்ணல. எலும்புச் சத்தம் கேட்டுச்சு. கீழ விழுந்தான். விழுந்தவன மிதிச்சேன்.

அடிக்கும்போது நல்லா இருந்துச்சுண்ணே. இத யாருக்கிட்டயும் சொன்னதில்ல. காலையிலேருந்து வாயில இருந்த பெயின்டு கசப்பெல்லாம் எறங்குற மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிசம். அவ்வளவுதான் அந்தச் சொகம். அப்பறம் நிமிந்து பாக்குறேன், திரையில அந்தப் பள்ளத்தூர் ஹாலு. தங்கமாட்டம் வெயிலு. யாருமே இல்லாம, சுத்தமா. இங்குட்டுத் தரையில இவன் வாயில நொரை தள்ளிக்கிட்டுக் கெடக்கான். அந்தத் திரையவும் ஒதச்சேன். அது விழுந்தும் அணையல.

கீழ ஜெராக்ஸ் கடை ரேணுகா சத்தம் கேட்டு ஏறி வந்துச்சு. பாத்துட்டு அலறுன அலறல்ல ரோடே கூடிருச்சு. ஆட்டோவுல போட்டுக் கொண்டு போனாக. நா ஓடல. எங்க ஓட? இங்க கீழ வந்து உக்காந்துட்டேன். போலீஸ் வந்து கூப்புட்டப்ப நாந்தான் அடிச்சேன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறுனேன்.

ரெண்டு நா ஸ்டேஷன்ல. மூணாம் நா வெளிய போடான்னுட்டாக. ஏன்னு கேட்டா, அந்தப் பய படியில தடுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டானாம். யாரும் அடிக்கலையாம். ரேணுகா சொன்னது, நா ஒத்துக்கிட்டது எல்லாத்தையும் மீறி, நா விழுந்தேன்னே நின்னிருக்கான்.

நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவுக அம்மா என்னயப் பாத்ததும் எந்திரிச்சு வெளிய போயிருச்சு. அவன் மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு. எடது கண்ணு மூடியிருக்கு. ஏன்டா பொய் சொன்னன்னேன். அவன் மெதுவாச் சொல்றான், படத்துல இருந்த வெயிலு நாந்தான் மேஸ்திரி வச்சேன். அந்த ஹாலுக்கு வெயிலே வராது. அவுக ஒத்துக்கணும்னு அழகுக்குப் போட்டேன். தரையவும் மாத்தல. ஒங்கள அறைஞ்சாகன்னு கேள்விப்பட்டேன், அது எனக்கு விழ வேண்டியது. அப்பிடிங்கிறான்.

எனக்கு விளங்கல. தரைக்கும் செவத்துக்கும் என்னடா சம்மந்தம்னேன். அப்பறம் அவன் எந்திரிச்சு நடமாடுனப்பறம் கூட்டிட்டுப் போயிக் காட்டுனான். அந்த ஹால்ல தரை பூராம் ஆத்தங்குடிக் கல்லு, கரும்பச்சை. நடு முத்தத்துத் தெறப்புலேருந்து விழுகுற வெளிச்சம் மொதல்ல தரையில விழுந்து, பச்சையத் தூக்கிக்கிட்டுச் செவத்துல ஏறுது. நா அடிச்சது சந்தனந்தான். பச்சை, தரையோடது. இவன் கம்ப்யூட்டர்ல வெறும் சிமெண்டுத் தரையா விட்டுட்டான். அந்தக் கல்ல அதே நெறத்துல உள்ள வச்சு, வெயில எடுத்துட்டு மறுபடி படம் போட்டான் பாருங்க, அச்சு அசலா அந்த மஞ்சக்காமாலை திரையில வந்துருச்சு. வாளியில ஒரு குத்தமும் இல்ல. என் கையில ஒரு குத்தமும் இல்ல. அதுக்கு நா இவன் மூஞ்சிய ஒடச்சேன்.

வீட்டுக்காரருக்கிட்டக் காட்டுனோம். கொஞ்சம் ரோஸு கலந்த மாதிரி ஒரு நம்பரு எடுத்து அடிச்சுக் குடுத்தேன், பச்சையத் தின்னுருச்சு. நல்லா வந்துச்சு. மன்னிப்பா? அவரா? மோர் குடுக்கச் சொன்னாரு. குடிச்சேன்.

அதுலேருந்து இங்கதான். மொதல்ல குத்த உணர்ச்சி. அவன் கடைக்குச் சாமான் தூக்கிப் போடுறது, செவத்துல சாம்பிள் அடிச்சுக் காட்டுறதுன்னு கூட நின்னேன். அவன் போகச் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. அவுக அம்மா இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசாது. அரியக்குடிப் பெருமா கோயில்ல எதுக்க வந்தாக் கூட மூஞ்சியத் திருப்பிக்கும். சரிதான அது.

அதான் முடிஞ்சிருச்சேன்னு பாக்குறீகளா? நீங்க கம்பியக் கீழ வச்சுட்டீக, நா பாத்துட்டேன். கதைய இத்தோட விட்டுறலாம், நீங்களும் போயிருவீக. ஆனா நாளைக்கு மறுபடியும் சம்மந்தி எதையாவது சொல்லுவாரு, மறுபடியும் சூடேறும். அதுனால மிச்சத்தையும் சொல்லிர்றேன். ஊர்ல இது எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும். அவுக அம்மாவுக்குக் கூடத் தெரியாது. தெரிஞ்சா இந்தக் கடைய மூடிர வேண்டியதுதான், எவனும் படம் போடச் சொல்லி வரமாட்டான். நீங்களும் ஒரு பொண்ணப் பெத்தவரு. அத நம்பித்தான் சொல்றேன்.

அவனுக்கு வலது கண்ணு பொறந்ததுலேருந்தே மங்கல். எடதுதான் வேலைக் கண்ணு. நா மோதுனது எடதுல. கண்ணு போகல, நல்லாத் தெரியுது, எழுத்தெல்லாம் படிக்கிறான், வண்டி ஓட்டுறான். ஒண்ணும் ஆகலைன்னுதான் நானும் நெனச்சேன், எட்டு மாசம். ஒரு நா சேட் கார்ட, பெயின்ட் கலரு காட்டுற அட்டைய, வெட்டிக்கிட்டு இருந்தவன் பிளேடுல வெரல ஆழமா அறுத்துக்கிட்டான். புது பிளேடு, அந்த நிமிசம் வலி தெரியல. ரத்தம் அட்டையில சொட்டுது. குனிஞ்சு பாத்துட்டு எங்கிட்டக் கேக்குறான், மேஸ்திரி, இதுல டீயக் கொட்டிட்டீகளான்னு.

நா வெரலத் தூக்கிப் பிடிச்சேன். அப்பவும் அவன் வெரலத்தான் பாக்குறான், அறுந்திருக்கான்னு தடவித்தான் கண்டுபிடிக்கிறான்.

மதுரையில பெரிய டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனேன். உள்ள நரம்பு நசுங்கிருச்சாம், புருவத்துல பட்ட அடியில. மத்த நெறமெல்லாம் கொஞ்சம் கொறைச்சல், செவப்பு மட்டும் செத்துப் போச்சாம். பத்துச் செவப்பு வச்சாலும் அவனுக்குப் பழைய டீக்கறதான். திரும்பி வராதுன்னுட்டாரு. எட்டு மாசமா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்கிட்டச் சொல்லல. சொன்னா நா என்ன ஆவேன்னு பாத்திருக்கான்.

அன்னைக்குலேருந்து எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. நீலம், பச்சை, மஞ்சள்னா அவன் பாப்பான். செவப்புன்னு வந்துட்டா நா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து சொல்லுவேன். இது செங்கல், இது குங்குமம், இது கத்தாழைப் பழம், இது கொழுப்பேறுன செவப்பு வேணாம்னு. நா சொல்லச் சொல்ல அவன் நம்பரப் பிடிப்பான். மூணு வருசத்துல ஒரு செவரு கூடத் தப்பாப் போனதில்ல.

நீங்க வந்த அன்னைக்கு நா இல்லண்ணே. எம் மாமனாரு செத்துப்போனாரு, சிவகங்கையில இருந்தேன். நீங்க இன்னைக்கே வேணும்னு நின்னிருக்கீக. எதுத்துச் சொல்லப் பயம் அவனுக்கு, நா அடிச்சதுலேருந்து யாரு கொரல ஒசத்தினாலும் தலையாட்டிருவான். செவப்பு தெரியாத கண்ணோட அவனாப் பாத்துப் போட்டுட்டான்.

எந்திரிச்சுட்டேன், பாருங்க, வழி இருக்கு. போறதுன்னா போங்க, மேல தனியாத்தான் இருக்கான், கதவு சாத்தல. இல்லைன்னா வண்டியில எனக்கு ஒரு எடம் குடுங்க. வெயிலு சாயுறதுக்குள்ள அந்தச் செவத்த நா ஒருக்கா நேர்ல பாக்கணும்.